ஒழுகும் கார்புரேட்டர்: கழுவுவதா, ஊசியை மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, புல்வெட்டும் இயந்திரம் எதுவானாலும் கார்புரேட்டர் ஒழுகத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஒரு டப்பா ஸ்பிரே வாங்கிக் கழுவிப் பார்க்கிறார்கள், அல்லது கார்புரேட்டரையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். ஊசியையும் கேஸ்கெட்டையும் மட்டும் மாற்றுவது என்று நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. மிதவை வைத்த கார்புரேட்டர்களில் (பவுல் என்ற அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் மிதவை உயர்ந்து, ஊசியைச் சீட் என்ற துளைவாயில் அழுத்திப் பெட்ரோல் வரத்தை அடைக்கும் வகை) பாதிக்கு மேற்பட்ட ஒழுகல்களுக்கு அதுவே சரியான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் எந்த வழி என்று முடிவு செய்ய, பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் வாங்கும் பாகம் எதுவும் வீண்.

கை வைப்பதற்கு முன் எஞ்சின் முழுக்க ஆறட்டும். பெட்ரோல் காக்கை (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) மூடி, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் அடுப்போ தீப்பொறி எழும் மோட்டாரோ இருக்கக்கூடாது. அடுத்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தண்ணீர்போல் ஓடினாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, கார்புரேட்டரில் நிரம்பி வழிந்த பெட்ரோல் உள்வாங்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குப் போய், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயிலில் பிடிப்பு இருக்காது. கனெக்டிங் ராடும் பேரிங்கும் தேயும். கிராங்க்கேஸில் சேரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும் அபாயமும் உண்டு.

கயிற்றை இழுத்தால் எஞ்சின் சுற்றாமல் கல்போல் நின்றால், பலம் கொடுத்து இழுக்க வேண்டாம். சிலிண்டர் நிறைய பெட்ரோல் நின்றால் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும். திரவத்தை அழுத்த முடியாது, இழுக்கும் பலத்தில் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக் வயரைத் துளையிலிருந்து தூரமாக எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் செய்துவிட்டு, மெதுவாக இழுத்துப் பெட்ரோலை வெளியே தள்ளுங்கள். துளைக்கு நேரே முகம் வேண்டாம்.

எங்கிருந்து வருகிறது?

கார்புரேட்டரின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, டால்கம் பவுடரைச் சன்னமாகத் தூவுங்கள். காக்கைத் திறந்து, எஞ்சினை ஓட்டாமல் பத்து நிமிடம் பாருங்கள். ஈரம் பட்ட பவுடர் நிறம் மாறும். பெட்ரோல் முதலில் எட்டிப்பார்க்கும் இடம் தெரியும். முக்கியமானது அந்த முதல் இடம்தான். சொட்டு கடைசியில் எங்கே தொங்குகிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மேலே காற்றுத் துளை வழியாக நிரம்பி வழிந்தாலும் பவுலின் அடி போல்ட்டில்தான் வந்து தொங்கும். அதைப் பார்த்து அடி வாஷரை மாற்றிவிட்டு, மறுநாளும் ஒழுகுகிறதே என்று குழம்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பெட்ரோல் டியூப் மாட்டும் முனையில் ஈரம் என்றால் வேலை சுலபம். டியூபின் முனை விறைத்து வெடித்திருக்கும். நீளம் மிச்சமிருந்தால் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மாட்டலாம். இல்லையென்றால் டியூபையும் கிளிப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பவுலின் மேல் விளிம்பு, அடி போல்ட், வடிகால் ஸ்குரூ இவற்றில் ஈரம் தொடங்கினால் கேஸ்கெட் அல்லது வாஷர். கார்புரேட்டரின் வாய்ப்பக்கம், அதாவது ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் பெட்ரோல் நின்றாலோ, காற்றுத் துளையிலிருந்து வந்தாலோ, குற்றம் ஊசியில், சீட்டில் அல்லது மிதவையில். பவுல் அடியில் மின்சார அடைப்பு வால்வு உள்ள எஞ்சின்களில் அதன் வாஷரையும் பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு துப்பு. நிறுத்திவைத்து மறுநாள் வந்து பார்த்தால் டேங்க் காலி என்றால் ஊசி அடைக்கவில்லை. ஓடும்போது மட்டும் ஒழுகினால் அதிர்வில் தளர்ந்த ஏதோ ஒன்று, போல்ட்டுகளிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது மட்டும் ஒழுகினால் அது பழுதே இல்லாமலும் இருக்கலாம்: குலுக்கலில் மிதவை துள்ளும்போது ஊசி திறந்து மூடும். காக்கை மூடிவிட்டு ஏற்றினால் போதும். புல்வெட்டும் இயந்திரத்தைக் கத்தி பார்க்கச் சாய்க்கும்போது ஒழுகுவதும் இப்படித்தான். கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் வருமாறு சாய்க்க வேண்டும்.

ஊசி ஏன் இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தோற்கிறது என்று தெரிந்தால் பிந்தைய முடிவுகள் எளிது. டேங்க் கார்புரேட்டரைவிட 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஊசிமேல் வரும் அழுத்தம் சுமார் 2 கிலோபாஸ்கல்தான், அதாவது 0.3 பிஎஸ்ஐ. இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் தடுக்கச் சின்ன மிதவையின் மிதப்பு விசையே போதும் என்றுதான் அமைத்திருக்கிறார்கள். கூடுதல் பலம் ஏதும் கையிருப்பில் இல்லை. ஒரு மணல் துகளோ, ரப்பர் நுனியில் மெல்லிய பள்ளமோ இருந்தால் மூடாது. சொட்டுச் சொட்டாக இரவு முழுக்க வரும்.

பவுலின் பக்கவாட்டில் திருப்புளிப் பிடியால் இரண்டு தட்டு தட்டினால் ஒழுகல் நின்றால், தூசியோ ஒட்டிக்கொண்ட ஊசியோ காரணம். இதைச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தட்டி நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று போனால், அடுத்த ஒழுகல் ஆள் இல்லாத நேரத்தில் வரும்.

கழுவுவது போதுமா?

போதும், ஊசி நுனி நன்றாக இருந்தால். அதைப் பவுலைத் திறந்துதான் தீர்மானிக்க முடியும். வடிகால் ஸ்குரூவைத் திறந்து பவுலில் உள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். அடியில் உருண்டையாக நிற்பது தண்ணீர். மணல், துரு என்றால் டேங்கிலிருந்து வருகிறது. பழுப்பு நிறப் பிசின் என்றால் பழைய பெட்ரோல் காய்ந்தது. வெள்ளைத் தூள் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, அலுமினியமும் துத்தநாகமும் அரித்திருக்கின்றன. அது கெட்ட செய்தி.

பவுலைக் கழற்றி, மிதவையின் பின்னை உருவினால் மிதவையும் ஊசியும் சேர்ந்து வரும். பூதக்கண்ணாடியில் ஊசி நுனியைப் பாருங்கள். கூம்பைச் சுற்றி வளையம்போல் ஒரு கோடு தெரிந்தாலோ, நகத்தால் வருடும்போது தட்டுப்பட்டாலோ, கழுவிப் பயனில்லை. அதிர்வில் சீட்டின் விளிம்பு ஊசியில் வெட்டிய பள்ளம் அது. ஸ்பிரே அதை நிரப்பாது. கழுவியதும் ஒரு வாரம் சரியாக இருந்து மறுபடி ஒழுகுகிறது என்ற புகார்களில் பெரும்பகுதி இந்தக் கோட்டைக் கவனிக்காததால் வருவது.

நுனி வழவழப்பாக இருந்தால் கழுவலாம். ஊசி, ரப்பர் வளையங்கள், பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகே ஸ்பிரே அடிக்க வேண்டும்; ரப்பர் அதில் உப்பிவிடும். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பித்தளைப் பாகமான ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெருத்தாலும் எஞ்சின் அதிகப் பெட்ரோல் குடிக்கும். மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். சீட்டைப் பஞ்சுக்குச்சியில் சிறிது மெட்டல் பாலிஷ் தொட்டு, விரலால் சுழற்றித் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். மிதவையும் ஊசியும் மாட்டியிருக்கும்போது கம்பிரசர் காற்று அடிக்காதீர்கள்.

மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே திரவம் குலுங்கினால் ஓட்டை. சந்தேகமிருந்தால் சூடான நீரில் முக்குங்கள். ஓட்டையிலிருந்து குமிழி வரும். பித்தளை மிதவையில் ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயத்தின் எடை மட்டத்தை மாற்றும். புது மிதவை கிடைத்தால் அதுவே மேல்.

ஊசியும் கேஸ்கெட்டும்

வாங்கும்போது எஞ்சின் மாடல் எண்ணோடு நிற்காதீர்கள். ஒரே எஞ்சினில் இரண்டு மூன்று கம்பெனிக் கார்புரேட்டர்கள் வருவதுண்டு. கார்புரேட்டர் உடம்பில் அல்லது பொருத்தும் விளிம்பில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஊசியைப் பக்கத்தில் வைத்து மொத்த நீளம், கூம்பின் பருமன், பின்பக்கம் சுருளோடு அமுங்கும் சின்ன முளை இருக்கிறதா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். நீளம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் பெட்ரோல் மட்டம் அதைவிட அதிகமாக மாறும், ஏனென்றால் மிதவையின் கை அந்த வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும்.

சீட் எந்த வகை என்பதுதான் இந்த வழியின் எல்லையைத் தீர்மானிக்கிறது. மரை போட்டுத் திருகிய பித்தளை சீட் என்றால் ஊசியோடு சேர்த்து மாற்றிவிடலாம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்கள் பலவற்றில் உள்ளதுபோல் அழுத்திச் செருகிய ரப்பர் சீட் என்றால், பழையதில் ஒரு ஸ்குரூவை மெதுவாகத் திருகி, அதைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். புதிதை ஒரு சொட்டு ஆயில் தடவிச் சம மட்டத்துக்கு அழுத்துங்கள். உடம்பிலேயே கடைந்தெடுத்த சீட் என்றால் மாற்ற வழியில்லை; அது அரித்துப் போயிருந்தால் புது ஊசியும் ஒழுகும். ஆக, ஊசிக்குப் பணம் கொடுக்குமுன் டார்ச் அடித்து சீட்டைப் பார்த்துவிடுங்கள்.

பவுலின் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். கழற்றிய பிறகு பள்ளத்துக்குள் மறுபடி அடங்காது. ஒருநாள் காயவிட்டால் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய வளையத்தில் தட்டையான இடங்கள் நிலைத்துவிடும் என்பதால், திறந்தால் புதிது போடுவதே சரி. அடி போல்ட்டின் ஃபைபர் வாஷருக்கும் அதே விதி. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: எந்த இடத்திலும் சிலிக்கான் கேஸ்கெட் பசை போடாதீர்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் உப்பி உரியும். உரிந்த துணுக்கு ஜெட்டில் போய் அடைக்கும். ஒழுகல் போய், எஞ்சின் ஓடாத பிரச்சினை வந்து சேரும்.

மாட்டிய பிறகு மிதவை உயரத்தை அளக்க வேண்டும். ஊசியின் சுருள் அமுங்காமல் மிதவையின் நாக்கு அதைத் தொட்டு நிற்கும் அளவுக்குக் கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, உடம்பின் கேஸ்கெட் பரப்பிலிருந்து மிதவையின் வெளிவிளிம்புவரை அளப்பது வழக்கம். ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினில் இது 13.7 மில்லிமீட்டர். அதன் மிதவை பிளாஸ்டிக், வளைத்துச் சரிசெய்ய முடியாது. அளவு தவறினால் ஊசியையோ மிதவையையோ மாற்ற வேண்டும். உலோக நாக்கு உள்ள மிதவையில் நாக்கைத் துளித்துளியாக வளைக்கலாம், ஆனால் மிதவையை அழுத்தி ஊசியைச் சீட்டில் நசுக்கியபடி வளைக்கக்கூடாது. புது நுனியிலேயே பள்ளம் விழும்.

எஞ்சினில் பொருத்துவதற்கு முன் மேசையிலேயே சோதியுங்கள். பவுலை மாட்டாமல் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் எடையால் ஊசி மூடும். பெட்ரோல் வழியில் சுத்தமான டியூப் மாட்டி இலேசாக ஊதினால் காற்று போகக்கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும். வாயால் பலமாக ஊதினால் நல்ல ஊசியும் விலகும், காரணம் முன்பு சொன்ன அந்தக் குறைந்த அழுத்தம். இன்னும் நம்பகமான சோதனை வேண்டுமென்றால், பவுலையும் மாட்டிக் கார்புரேட்டரை நேராக வைத்து, 30 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்த தெளிவான டியூபில் பெட்ரோல் ஊற்றுங்கள். பவுல் நிரம்பியபின் டியூபில் மட்டம் கால் மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும்.

புதுக் கார்புரேட்டர் எப்போது?

சீட் உடம்போடு சேர்ந்ததாக இருந்து அரித்துவிட்டால். பவுலில் ஊசித்துளைகள் விழுந்து, தனிப் பவுலும் கிடைக்காவிட்டால். அடி போல்ட்டின் மரை போய்விட்டால். த்ராட்டில் தண்டு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மடலின் அச்சு) அதன் துளையில் மேலும் கீழும் ஆடினால். அங்கே காற்று கசிந்து எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், எந்த உதிரிபாகக் கிட்டிலும் அதற்கு மருந்தில்லை. வெள்ளை அரிப்பு உள்வழிகளுக்குள் போயிருந்தாலும் கழுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. எஞ்சின் அன்றைக்கே ஓடியாக வேண்டும் என்றால், முழுதாக மாற்றுவது ஒரு மணி நேர வேலை. அப்படிச் செய்பவர்கள் பழையதை எறியாமல் வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக ஊசி மாற்றி உதிரியாக வைப்பது நல்லது. பெரும்பாலும் அசல் கம்பெனியின் பழைய கார்புரேட்டர், ஊசி மாற்றியபின், மலிவான புதுப் பிரதியைவிட நன்றாக ஓடும்.

மலிவுப் பிரதிகளை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. பிரபலமான எஞ்சின்களுக்கு அவை வேலை செய்கின்றன. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டக்கூடியவை அல்ல. பவுலைத் திறந்து கடைசல் பிசிறுகளைக் கழுவி, மிதவை உயரத்தை அளந்து, மெயின் ஜெட்டில் அச்சிட்ட எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தால் பழைய ஜெட்டை, மரை பொருந்தினால், மாற்றிப் போட்டுவிடலாம். வாங்கும் முன்பே போல்ட் துளைகளின் இடைவெளி, காற்றுக்குழாயின் விட்டம், சோக் மற்றும் கவர்னர் (எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு) கம்பிகள் மாட்டும் துளைகளின் இடம் ஆகியவற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் கவர்னர் ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று தடுமாற வேண்டியதில்லை.

எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தட்டும் அதன் இருபுறமும் கேஸ்கெட்டும் இருக்கும். வரிசை மாறினாலும், கேஸ்கெட்டின் சிறு துளை கார்புரேட்டரின் துளைக்கு நேராக வராவிட்டாலும், புதுக் கார்புரேட்டரே கெட்டது என்று நினைக்கும்படி எஞ்சின் தடுமாறும்.

காக்கை மட்டும் மூடிவைத்தால்?

வேலை முடிந்ததும் காக்கை மூடுவது எல்லோருக்கும் வேண்டிய பழக்கம். காக் இல்லாத எஞ்சினில் டியூபின் நடுவே ஒன்று சேர்ப்பது அருமையான செலவு. ஆனால் ஒழுகும் ஊசிக்கு அது மாற்று ஆகாது. காக் திறந்து ஓடும் நேரமெல்லாம் பவுலில் மட்டம் உயர்ந்தே இருக்கும். கறுப்புப் புகை, கரி படிந்த பிளக், அதிகப் பெட்ரோல் செலவு, ஆயிலில் மெல்ல மெல்லக் கலப்பு எல்லாம் தொடரும். ஒருநாள் மூட மறந்தால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும் டேங்க்கைக் கழுவாமல் விட்டால் அதே துகள் புது ஊசியிலும் வந்து உட்காரும். டேங்கின் உள்ளே உள்ள வலை, காக்கின் அடிக்கிண்ணம் இரண்டையும் சுத்தம் செய்து, டியூபில் ஃபில்டர் போடுங்கள். ஈர்ப்பில் இறங்கும் பெட்ரோலுக்கென்று செய்த ஃபில்டராக இருக்கட்டும். பம்பு உள்ள வாகனங்களுக்கானது வழியை நெருக்கி எஞ்சினைப் பட்டினி போடும். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் வெயிலில் டேங்குக்குள் அழுத்தம் ஏறி நல்ல ஊசியையும் தள்ளித் திறக்கும்.

மிதவை இல்லாத கார்புரேட்டர்கள்

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்திலும் தோளில் மாட்டும் புதர்வெட்டியிலும் உள்ளவை டயஃப்ரம் வகை: மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு ஒன்று நெம்புகோல் வழியாக ஊசியை இயக்கும். இவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு மாறும். அளக்கும் அறையின் நெம்புகோல் உயரமாக வளைந்திருந்தால் அல்லது ஊசியில் தூசி இருந்தால் ஒழுகும். கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்டு பெட்ரோல் வழியில் சுமார் 7 பிஎஸ்ஐ கொடுத்தால் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் கார்புரேட்டரைப் பெட்ரோலில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள்.

கார்புரேட்டர் கம்பெனிகளான வால்ப்ரோவும் ஜாமாவும் இரண்டு வகைக் கிட் விற்கின்றன: டயஃப்ரமும் கேஸ்கெட்டும் மட்டும் உள்ளது ஒன்று, ஊசி, நெம்புகோல், ஸ்பிரிங்கும் சேர்ந்தது இன்னொன்று. ஒழுகலுக்கு இரண்டாவதுதான் வேண்டும், ஏனென்றால் ஊசி முதல் கிட்டில் இல்லை. நெம்புகோல் உயரம் மாடலுக்கு மாடல் வேறு. சிலவற்றில் அறையின் தரையோடு சமமாகவும், சிலவற்றில் உடம்பின் மேல்பரப்போடு சமமாகவும் இருக்க வேண்டும். கிட்டோடு வரும் தாளைப் பாருங்கள். பிரைமர் குமிழ் (ஸ்டார்ட் செய்யுமுன் விரலால் அமுக்கும் குமிழ்) வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், ஒழுகல் நின்ற பிறகே புது ஆயில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் மிதமாக ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்து மறுபடி புது ஆயில் நிரப்பினால் மிச்சப் பெட்ரோலும் போய்விடும். பிறகு காக்கைத் திறந்தபடி அரை மணி நேரம் எஞ்சினை நிறுத்தி வைத்து, ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் குச்சியில் மட்டம் ஏறவில்லையென்றால் ஊசி மூடுகிறது.